அழுத்தக் காலுறையோடு அன்றாடம்: புதிதாக அணியத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வெரிகோஸ் வெயின், மாலையானால் வரும் கால் வீக்கம், ஆழ்சிரை இரத்த உறைவு (காலின் ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தம் கட்டிக்கொள்வது), ஆறிய பிறகும் திரும்பத் திரும்ப வரும் கணுக்கால் புண் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவர் உங்களை அழுத்தக் காலுறை அணியச் சொல்லியிருப்பார். எனக்குக் கிடைத்த சீட்டில் 'காலுறை அணியவும்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எவ்வளவு அழுத்தம், எந்த நீளம், எப்போது அளவெடுப்பது, எப்படி மாட்டுவது, எத்தனை மாதம் உழைக்கும் என்பதையெல்லாம் கடைக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலுறை இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் வலிக்கக் கூடாது. "போகப் போகப் பழகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பலரும் சொல்வார்கள். இறுக்கம் பழகும், வலி பழகாது. வலித்தால் அளவு, அழுத்தம், மாட்டிய முறை, மாட்டிய நேரம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று சரியில்லை என்று பொருள். அது எதுவென்று தேடிச் சரிசெய்தால் பெரும்பாலானோரால் நாள் முழுவதும் அணிய முடியும்; தேடாமல் விட்டவர்களின் காலுறைதான் அலமாரியில் கிடக்கிறது.

1. வாங்குவதற்கு முன் தமனிகளைச் சோதித்துக்கொள்ளுங்கள்

அழுத்தக் காலுறை, காலிலிருந்து இரத்தத்தை மேலே இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளுக்கு உதவும் சாதனம். காலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் அடைபட்டிருந்தால் அதே அழுத்தம் வரும் இரத்தத்தையும் தடுத்து, தோலையும் தசையையும் பாதிக்கக்கூடும். ஆகையால் புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வயதானவர்கள், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றால்தான் சரியாகிறது என்பவர்கள் ஆகியோர் இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

சோதனை எளிது, ஊசி கிடையாது. படுக்க வைத்துக் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, சிறிய டாப்ளர் கருவியால் இரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்டு, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை ஏறத்தாழ 1 என வந்தால் நல்லது. 0.9க்குக் கீழே இருந்தால் தமனி நோய் இருக்கக்கூடும். 0.8க்குக் கீழே போனால் இரத்தக் குழாய் மருத்துவர் பார்த்து அழுத்தத்தைக் குறைத்துத் தர வேண்டும்; 0.5க்குக் கீழே இருந்தால் காலுறையே கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு: தமனிச் சுவர் கடினப்பட்டிருந்தால் பட்டை அதை அழுத்த முடியாமல் எண் பொய்யாக உயர்ந்து, 1.3க்கு மேல் காட்டும். அப்படி வந்தால் 'நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளாமல், கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பு, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருத்தல், தோலில் சீழ்ப்புண் அல்லது தொற்று, நைலான் போன்ற நூலிழைகளுக்கு ஒவ்வாமை ஆகியவை இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு காலும் ஒன்றுபோல வீங்குகிறது என்றால் காரணம் இதயத்திலோ, சிறுநீரகத்திலோ, நீங்கள் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையிலோ இருக்கலாம். காரணத்தைப் பார்க்காமல் காலுறையால் வீக்கத்தை மறைப்பது ஆபத்து.

2. சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும்

மருத்துவரின் அறையை விட்டு வெளியே வருமுன் சீட்டைப் படித்துப் பாருங்கள். நோயின் பெயர், இடதா வலதா இரண்டுமா, காலுறையின் நீளம், அழுத்தம், விரல் பகுதி திறந்ததா மூடியதா, எத்தனை ஜோடி ஆகிய ஆறும் இருக்க வேண்டும். ஏதாவது விடுபட்டிருந்தால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் பணம் கேட்கும்போது நோயின் பெயர் இல்லாத சீட்டு திரும்பி வரக்கூடும். அழுத்தம் எழுதாத சீட்டைக் கொண்டு போனால் கடையில் எது இருப்பு இருக்கிறதோ அதுவே உங்கள் காலுக்கு வந்து சேரும்.

அழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் இதுதான். அழுத்தம் மில்லிமீட்டர் பாதரசம் (mmHg) என்ற அலகில் அளக்கப்படுகிறது. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கும்படி காலுறை பின்னப்படுகிறது. பெட்டியில் 'கிளாஸ் 1', 'கிளாஸ் 2' என்று போட்டிருப்பார்கள். ஆனால் அந்த வகுப்புகள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஜெர்மன் தரத்தில் கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32 வரை. பிரிட்டிஷ் தரத்தில் அதே கிளாஸ் 2 என்பது 18 முதல் 24 வரைதான். அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலும் வகுப்பைப் போடாமல் 15–20, 20–30, 30–40 என்று எண்ணாகவே அச்சிடுவார்கள். ஆகவே சீட்டில் வகுப்போடு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். எண்ணே அச்சிடாமல் 'நல்ல டைட்', 'பயணத்துக்கு ஏற்றது' என்று மட்டும் எழுதி விற்கப்படும் காலுறை மருத்துவக் காலுறை ஆகாது.

அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருந்தபோது மாட்டிவிட்ட வெள்ளைக் காலுறையை வீட்டில் தொடர்ந்து போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது படுத்திருப்பவருக்கு இரத்தம் உறையாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது, அழுத்தம் குறைவு. எழுந்து நடமாடுபவரின் சிரை நோய்க்கு அது போதாது.

நீளத்தைப் பொறுத்தவரை, மருத்துவர் தொடை வரை என்று குறிப்பாகச் சொல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே நிற்கும் காலுறை போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். மாட்டுவதும் எளிது, வெயிலில் தாங்குவதும் எளிது. தொடை வரை வருவது நழுவாமல் இருக்க மேல் விளிம்பில் சிலிகான் பட்டை இருக்கும். சிலருக்கு அது அரிக்கும். கால் விரல்கள் வளைந்திருந்தாலோ, பெருவிரல் மூட்டு புடைத்திருந்தாலோ, விரல் நுனியில் புழுக்கம் தாங்காவிட்டாலோ திறந்த விரல் வகையைக் கேளுங்கள். நிணநீர் தேங்கி வந்த வீக்கத்துக்கு, பின்னால் தையல் தெரியும்படி தட்டையாகப் பின்னிய தடித்த காலுறை தேவைப்படும். தையலில்லாத சாதாரண வகை மடிப்புகளில் புதைந்து தோலை அறுக்கும்.

3. காலையில் அளவெடுங்கள்

அளவெடுக்கப் போகும் நாளில் முடிந்தவரை காலையிலேயே போய்விடுங்கள். மாலையில் வீங்கிய காலுக்கு அளவெடுத்தால், வீக்கம் வடிந்ததும் அந்தக் காலுறை தளர்ந்துவிடும். கால் ஏற்கெனவே மிகவும் வீங்கியிருந்தால், முதலில் கட்டுப்போட்டு வீக்கத்தை வடியவைத்த பிறகு அளவெடுப்பதே முறை. இதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

செருப்பு எண்ணையோ உயரத்தையோ மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துத் தரும் கடையில் வாங்காதீர்கள். முழங்கால் வரை வரும் காலுறைக்குக் குறைந்தது மூன்று அளவுகள் வேண்டும்: கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே கால் மிகவும் குறுகியிருக்கும் இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்புக்குக் கீழே வரையுள்ள உயரம். தொடை வரை என்றால் தொடைச் சுற்றளவும் அதுவரையுள்ள உயரமும் சேரும். அளவு நாடா தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். சதையை அழுத்தவும் கூடாது, தொங்கவும் கூடாது. இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். நோயுள்ள கால் மற்றதைவிடப் பருத்திருப்பது சாதாரணம். இரண்டுக்கும் வேறு வேறு சைஸ் தேவைப்பட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அளந்த எண்களைத் தேதியோடு எழுதி வாங்கி, மருந்துச் சீட்டு, டாப்ளர் ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். உங்கள் அளவுகள் தயாரிப்பாளரின் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் சேராவிட்டால், அளவெடுத்துத் தைத்துத் தரும் வகையே வழி. "ஒரு சைஸ் பெரியதாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற யோசனையை ஏற்காதீர்கள். கணுக்காலில் தளர்ந்து கெண்டைக்காலில் இறுகினால், இரத்தத்தை மேலே தள்ளுவதற்குப் பதிலாகத் தேக்கிவைக்கும்.

4. செலவு, காப்பீடு, காத்திருப்பு

முதலில் ஒரே ஒரு ஜோடி வாங்குங்கள். தள்ளுபடி தருகிறேன் என்று சொன்னாலும் சேர்த்து வாங்க வேண்டாம். இரண்டு வாரம் அணிந்து, அளவும் துணியும் உங்களுக்கு ஒத்துவருகின்றன என்று தெரிந்த பிறகு அதே எண், அதே வகையில் இரண்டாவது ஜோடி வாங்குங்கள். இரண்டாவது ஜோடி ஆடம்பரம் கிடையாது: ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்றை அணியலாம், மாற்றி மாற்றிப் போடுவதால் இரண்டுமே அதிக நாள் உழைக்கும்.

பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். பெட்டியைத் திறந்த பிறகு அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவார்களா? சுகாதாரக் காரணம் காட்டிப் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். ஆகவே கடையிலேயே ஒருமுறை மாட்டிப் பார்க்க அனுமதிக்கும் இடம் நல்லது. எத்தனை மாதத்துக்கு உத்தரவாதம்? அளவெடுத்துத் தைப்பது என்றால் எத்தனை நாளில் கைக்கு வரும், முன்பணம் எவ்வளவு? இந்த வகை வருவதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம், திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அதுவரை காலைச் சும்மா விடுவதா, கட்டுப்போடுவதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

காப்பீடு இருந்தால், வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்துக் காலுறைக்குப் பணம் உண்டா, முன் அனுமதி வேண்டுமா, ஆண்டுக்கு எத்தனை ஜோடி, குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். பதிலை முடிந்தால் எழுத்தில் பெறுங்கள். பில்லில் வெறுமனே 'சாக்ஸ்' என்று போட்டிருந்தால் துணிக்கடைப் பில் என்று தள்ளிவிடுவார்கள். மருத்துவ அழுத்தக் காலுறை என்ற பெயர், அழுத்த எண், நோயாளியின் பெயர் மூன்றும் பில்லில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் சைஸ் அச்சிட்டிருக்கும் பக்கத்தை வெட்டி அந்த உறைக்குள்ளேயே வைத்தால் அடுத்த முறை வாங்கும்போது உதவும்.

மற்ற செலவுகளில் அவசியமானது ஒரு ஜோடி ரப்பர் கையுறை. பாத்திரம் தேய்க்கப் பயன்படுத்தும், உள்ளங்கையில் சொரசொரப்பான கையுறையே போதும். மாட்டுவதற்கான கம்பிச் சட்டம் போன்றவற்றை, கையுறையோடு முயன்று முடியாதபோது வாங்கினால் போதும்.

5. மாட்டும் முறை

காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன் மாட்டுங்கள். எழுந்து நடமாடிவிட்டீர்கள் என்றால், படுத்துக் காலைத் தலையணைமேல் உயர்த்தி இருபது முப்பது நிமிடம் வைத்திருந்து பிறகு மாட்டுங்கள். குளித்த உடனே மாட்டுவது மிகவும் கடினம், ஏனென்றால் ஈரத் தோலில் துணி நகராது. இரவில் குளிக்கும் பழக்கத்துக்கு மாற முடிந்தால் காலைப் பொழுது எளிதாகும்; முடியாதவர்கள் விரலிடுக்கு உட்பட நன்றாகத் துடைத்து, கொஞ்சம் உலரவிட்டு, மெல்லியதாகப் பவுடர் தடவிக்கொள்ளலாம். எண்ணெயும் கிரீமும் காலையில் கூடாது.

மெத்தையில் உட்காராமல், முதுகு சாயும் உறுதியான நாற்காலியில் உட்காருங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கை நகமும் கால் நகமும் மழுங்கியிருக்க வேண்டும்; குதிகால் வெடிப்பு துணியைப் பிடித்து இழுத்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது காலுறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியை உள்ளிருந்து பிடியுங்கள். அந்த இடம் வரை காலுறையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டுங்கள். பாதம் நுழையும் பகுதி மட்டும் உள்ளே மடங்கி ஒரு சிறு பை போல நிற்கும். விரல்களை அதில் நுழைத்து, பாதத்தின் மேல் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து, குதிகால் பை உங்கள் குதிகாலில் மிகச் சரியாக உட்காரும்வரை நகர்த்துங்கள். இது கோணலாக இருந்தால் மேலே எவ்வளவு பாடுபட்டாலும் காலுறை முறுகிக்கொண்டே இருக்கும். ஆகவே இங்கே அவசரப்படாதீர்கள்.

அதன்பின் புரட்டிய மேல்பகுதியைக் கணுக்காலுக்கு மேலே கொண்டுவாருங்கள். பலர் செய்யும் தவறு, மேல் விளிம்பைப் பிடித்து ஒரே மூச்சில் முழங்கால் வரை இழுப்பது. அப்படிச் செய்தால் துணி மேலே அளவுக்கு மீறிச் சேர்ந்து இறுகும், விளிம்பும் கிழியும். விளிம்பைத் தொடாமல், கையுறை அணிந்த உள்ளங்கையைக் காலோடு ஒட்டி வைத்து, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுங்கள். முழங்கால் காலுறையின் விளிம்பு, முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் அகலம் கீழே நிற்க வேண்டும். துணி மிஞ்சுகிறது என்று மேலே மடித்துவிடாதீர்கள். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, காலைச் சுற்றிக் கயிறு கட்டியது போல இரத்தத்தைத் தடுக்கும். மிஞ்சும் துணியைக் கீழ்நோக்கித் தடவிப் பரப்புங்கள். அப்படியும் தினமும் மிஞ்சினால் நீளம் உங்களுக்கானதில்லை.

கடைசியாக மூன்று இடங்களைப் பாருங்கள்: குதிகால் பை நேராக இருக்கிறதா, கணுக்காலின் முன்பக்கம் சுருக்கம் இருக்கிறதா, முழங்காலுக்குப் பின்னே விளிம்பு சுருண்டிருக்கிறதா. பிறகு கால் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் சிவந்து திரும்ப வேண்டும்.

திறந்த விரல் காலுறைக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. வழுவழுப்பான பிளாஸ்டிக் பை ஒன்றைப் பாதத்தில் மாட்டி, அதன்மேல் காலுறையை ஏற்றி, முழுவதும் ஏறிய பிறகு விரல் பக்கத்திலிருந்து பையை உருவிவிடலாம். இதற்கென்றே விற்கும் வழுக்குத் துணி உறையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

குனிய முடியாதவர்கள், விரல் மூட்டு வலி உள்ளவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு வேறு வழிகள் உள்ளன. அதிக அழுத்தமுள்ள ஒரு காலுறைக்குப் பதிலாக, அழுத்தம் குறைந்த இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணியலாம். வெல்க்ரோ பட்டைகளால் சுற்றிக் கட்டும் வகையும் உண்டு. இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் "என்னால் மாட்ட முடியவில்லை" என்று அவரிடம் சொன்னால்தான் இந்த வழிகள் உங்களுக்குத் தெரியவரும். பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் காலுறையையே விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நீங்கள் மாட்டிவிடுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் குதிகாலையும் விரலிடுக்கையும் கண்ணால் பாருங்கள். புண் தொடங்குவதை அவர்கள் உணராமல் இருக்கலாம்.

6. முதல் இரண்டு வாரம்

புதுக் காலுறையை ஒருமுறை அலசிக் காயவைத்து விட்டு அணியுங்கள். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், முதல் நாள் சில மணி நேரம் போதும். அன்றாடம் கொஞ்சம் கூட்டி, ஓரிரு வாரத்தில் காலை முதல் இரவு வரை என்று கொண்டுவரலாம். சிரைக்கான அறுவை சிகிச்சையோ ஊசி சிகிச்சையோ முடிந்த பிறகு சில நாள் இரவும் பகலும் அணியச் சொல்வார்கள். அது தனிக் கணக்கு, அந்த அறிவுரையையே பின்பற்றுங்கள்.

ஒவ்வொரு மாலையும் கழற்றியதும் காலைப் பாருங்கள். துணியின் பின்னல் தடம் தோலில் மெல்லியதாகத் தெரிவது இயல்பு, சிறிது நேரத்தில் மறையும். விளிம்பு நின்ற இடத்திலோ கணுக்கால் முன்பக்கத்திலோ விரலால் தடவினால் பள்ளமாகத் தெரியும் கோடு, சிவந்த இடம், கொப்புளம் ஆகியவை இயல்பல்ல. கணுக்காலுக்கு மேலே அதே இடத்தில் நாடாவைச் சுற்றி மாலைச் சுற்றளவைக் குறித்து வையுங்கள். காலுறை அணியாத நாளின் மாலை அளவோடு ஒப்பிட்டால், அது வேலை செய்கிறதா என்று உங்களுக்கே தெரியும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள் நிறையப் பேசும்.

காலுறை நழுவினால் சைஸ் பெரிது, அல்லது துணி ஓய்ந்துவிட்டது. சிலிகான் பட்டை உள்ளதானால் அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தால் மறுபடி பிடிக்கும். விளிம்பு சுருண்டு இறங்கினால் நீளத்தையும் மாட்டிய முறையையும் பாருங்கள். அரிப்புக்குப் பெரும்பாலும் வறண்ட தோல்தான் காரணம். இரவில் கிரீம் தடவினால் சரியாகும். தடிப்பும் கொப்புளமுமாக வந்தால் நூலிழை ஒவ்வாமையாக இருக்கலாம், வேறு வகைத் துணி கேளுங்கள். சரிவர மாட்டியும் வலி தொடர்ந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அளவெடுத்த இடத்துக்கே காலோடு போய்க் காட்டுங்கள்.

7. பகல் பொழுது

காலுறை தனியாக வேலை செய்வதில்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. வெளியிலிருந்து காலுறை தரும் அழுத்தம் அந்தப் பிழிவுக்குத் துணை நிற்கிறது. நாள் முழுவதும் நாற்காலியில் அசையாமல் இருந்தால் பலன் குறையும். மணிக்கு ஒருமுறையாவது எழுந்து சில நிமிடம் நடங்கள். முடியாதபோது குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தையும், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலையும் மாற்றி மாற்றித் தூக்குங்கள். நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். சீருடையின் நிறத்தால் சிக்கல் வருமானால், மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

வழவழப்பான தரையில் காலுறையோடு மட்டும் நடக்காதீர்கள், வழுக்கும். வீட்டுக்குள்ளும் பிடிப்பான செருப்போ மேலே ஒரு பருத்திக் காலுறையோ அவசியம். வயதானவர்களுக்கு விழுவது கால் வீக்கத்தைவிடப் பெரிய ஆபத்து. வெயில் காலத்தில் மெல்லிய துணி வகையும் திறந்த விரலும் உதவும். காலுறையின் மேலேயே தண்ணீரைத் தெளித்துக்கொண்டால் அது உலரும்போது கால் குளிரும். புழுக்கம் தாங்கவில்லை என்று நடுப்பகலில் கழற்றினால், வீங்கிய காலில் மறுபடி மாட்டுமுன் காலை உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். மருந்துச் சீட்டின் நகலையும் இரண்டாவது ஜோடியையும் கைப்பையில் வையுங்கள்.

8. கழற்றுவதும் துவைப்பதும்

இரவு படுக்குமுன் கழற்றுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து உட்புறம் வெளியே வரும்படி மெதுவாக உரித்து இறக்குங்கள். சுருட்டினால் கணுக்காலில் கெட்டியாகச் சிக்கிக்கொள்ளும். பாதத்தைத் துடைத்துத் தோலுக்குக் கிரீம் தடவ இதுவே நேரம். காலைக்குள் அது தோலில் ஊறிவிடும், துணியையும் கெடுக்காது.

தினமும், குறைந்தது ஒருநாள் விட்டு ஒருநாள், துவையுங்கள். வியர்வையும் தோல் எண்ணெயும் மீள்நூலைக் கெடுக்கும். அலசுவதால் துணி மறுபடி சுருங்கிப் பழைய பிடிப்புக்கு வரும். வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு போதும். ஆடை மென்மையாக்கும் திரவமும் பிளீச்சிங்கும் கூடாது. முறுக்கிப் பிழியாமல், துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். நேரடி வெயில், இஸ்திரி இரண்டும் வேண்டாம். மெஷினில் போடலாமா, எந்தச் சூட்டில் என்பது உள்ளே தைத்திருக்கும் லேபிளில் இருக்கும். உட்புறம் நூல் நீண்டு தெரிந்தால் வெட்டாதீர்கள், அங்கிருந்தே ஓட்டை விழும்.

9. உடனே கழற்ற வேண்டிய நேரம்

விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ போனால், மரத்துப்போனால், குத்தும் வலி கூடிக்கொண்டே வந்தால் உடனே கழற்றுங்கள். கழற்றியும் சிறிது நேரத்தில் சரியாகாவிட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகிக் கெண்டைக்கால் வலித்தால் அது இரத்த உறைவாக இருக்கலாம். அதையும் அன்றே காட்ட வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம் ஆகியவை வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். இரத்த உறைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், காலுறை இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

10. மாற்றும் காலம்

நாள்தோறும் அணியும் காலுறை ஏறத்தாழ ஆறு மாதத்தில் அழுத்தத்தை இழந்துவிடும். பார்வைக்குப் புதிது போலவே இருக்கும் என்பதால் பலர் ஆண்டுக்கணக்கில் அதையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாட்டுவது திடீரென்று எளிதாகிவிட்டது என்றால் மகிழாதீர்கள், துணி தளர்ந்துவிட்டது. வாங்கிய தேதியைப் பெட்டி அட்டையில் எழுதி வைத்து, ஐந்தாவது மாதத்திலேயே அடுத்ததற்கான வேலையைத் தொடங்குங்கள். காப்பீட்டு அனுமதிக்கும் தைத்து வருவதற்கும் அந்த ஒரு மாதம் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். எடை கூடியிருக்கலாம், வீக்கம் வடிந்திருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது, தமனிக்கான சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். புது ஜோடி கைக்கு வந்ததும் பழையதை அப்புறப்படுத்திவிடுங்கள். ஒரே இழுப்பறையில் இரண்டும் கிடந்தால், எளிதாக ஏறுகிறது என்று கை தானாகவே பழையதைத்தான் எடுக்கும்.